வளைந்த பரப்பைத் தொட்டுப் படமெடுப்பது எப்படி? சொம்பு முதல் கோயில் குமுதம் வரை

கும்பகோணம் பக்கம் எந்த வீட்டுப் பரணைக் கிளறினாலும் நாலு பித்தளைப் பாத்திரமாவது கிடைக்கும். கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவருடைய இனிஷியலும் பெயரும், சிலதில் ஊரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். புளியும் சாம்பலும் போட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்ததில் பாதி எழுத்து அழிந்திருக்கும். செல்போனில் படமெடுத்தால் எழுத்துக்குப் பதில் ஜன்னலும் உங்கள் முகமும்தான் விழும்.

இதில் கேமராவைக் குறை சொல்ல முடியாது. பளபளக்கும் உலோகம் தன் மேட்டுப் பள்ளத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு, சுற்றியிருப்பதைத்தான் காட்டும். கிட்டப்போய் எடுத்தாலோ நடுப்பகுதி தெளிவாகவும் வளைந்து விலகும் ஓரங்கள் மங்கலாகவும் வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து, தள்ளி நின்று பார்க்காமல் தொட்டுப் பார்ப்பது. பரப்பின் மீதே ஒரு கருவியைப் பொருத்திவிட்டால் தூரம் என்ற சிக்கலே இல்லை. வெளிச்சமும் நம் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் தொடுவதென்றால் இரண்டில் ஒன்று வளைந்து கொடுத்தாக வேண்டும். போனில் கைரேகை வைக்கும்போது கண்ணாடி அப்படியே இருக்கிறது, விரல்தான் அமுங்கித் தட்டையாகிறது. சொம்பு அமுங்காது, கல் அமுங்காது. அப்போது கருவிதான் வளைய வேண்டும். எந்தக் கருவி எந்த அளவுக்கு வளையும் என்பதைப் பொறுத்துத்தான் இந்த வேலையில் எல்லாமே அமைகிறது.

படி 1: பரப்பு எந்த வகை என்று பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளைப் பொருளின் மேல் சுற்றிப் பாருங்கள். சுருக்கம் விழாமல் ஒட்டி நின்றால் அது ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பு. அம்மிக் குழவி, உருண்டைத் தூண், குத்துவிளக்கின் நேரான தண்டு எல்லாம் இந்த வகை. தாள் மடிந்து சுருங்கினால் இரு திசையிலும் வளைந்தது: சொம்பு, குடம், மணி. இரு திசையிலும் வளைந்த பரப்பை இழுக்காமல், கிழிக்காமல் தட்டையாக்க முடியாது என்று 1827-லேயே காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை நிறுவிவிட்டார். ஆகவே தாள் சுருங்கினால் உங்கள் கைமேல் பழி போட வேண்டாம்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஒன்றே இரண்டு வகையையும் காட்டிவிடும். ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, அதாவது அதன் குழல், கீழே போகப் போகப் பருத்துக்கொண்டே போனாலும் அது கூம்புதான். அதன் நீளவாக்கில் ஒரு ஸ்கேலை வைத்தால் இடைவெளி இல்லாமல் உட்காரும். அடியில் இருக்கும் அணசு அப்படியல்ல, விரிந்துகொண்டே வளைகிறது. உலவில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க நேரான கருவி போதும், அணசுக்குப் போதாது.

படி 2: எவ்வளவு வளைவு என்று கணக்குப் போடுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு, கருவி செய்ய ஜெல் வாங்கப் போகாதீர்கள். கணக்கு சின்னதுதான். கருவி தொடும் அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால், நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் வந்துவிடும். அந்த வித்தியாசத்தைக் கருவி விழுங்க வேண்டும்.

சொம்பின் வயிற்றைச் சுற்றி நூல் போட்டு அளந்தால் 31.4 செ.மீ. வருகிறது என்று வைப்போம். 6.28-ஆல் வகுத்தால் ஆரம் 5 செ.மீ. அதன்மேல் 3 செ.மீ. அகல ஜெல் மெத்தையை (படி 3-இல் வரும் கருவி) அமுக்கினால், மி.மீ. கணக்கில் 30 × 30 = 900, அதை 8 × 50 = 400-ஆல் வகுக்க, 2.25 மி.மீ. மெத்தையின் கனம் 5 மி.மீ. என்றால் பாதிக்கிட்ட அமுங்க வேண்டும். நடுவில் நசுங்கும், ஓரத்தில் தொடவே தொடாது. அகலத்தை 1.5 செ.மீ. ஆக்குங்கள். 225-ஐ 400-ஆல் வகுத்தால் 0.56 மி.மீ.தான். அகலம் பாதியானால் இடைவெளி கால் பங்காகிவிடுகிறது. பெரிய மெத்தை செய்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஆசைப்படுபவர்கள் இந்த ஒரு வரியை மனதில் வைத்தால் போதும்.

குடம் போன்றவற்றில் மேலிருந்து கீழாகவும் ஒரு வளைவு உண்டு, அது சில சமயம் சுற்று வளைவைவிட இறுக்கமாக இருக்கும். அட்டையை வளைவுக்கு ஏற்ப வெட்டி வைத்துப் பார்த்து, இரண்டில் சிறிய ஆரத்தைக் கணக்கில் எடுங்கள்.

படி 3: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் கருவி நம் ஊரில் பழையது, கல்வெட்டைத் தாளில் பிரதியெடுக்கும் மைப்படி. கல்லைத் தண்ணீர் விட்டுத் துலக்கி, நனைத்த மேப்லித்தோ தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். பிறகு துணிப் பொதியால் மை ஒற்றினால் மேடெல்லாம் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். நனைந்த தாளின் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதால் காய்ந்த தாளால் முடியாத வளைவுக்கும் அது ஓரளவு இழுபட்டுக் கொடுக்கிறது. வளையும் தொடுவகைப் படக்கருவி என்று சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கல்வெட்டுக்கு இதற்கு ஈடு இன்றும் குறைவு என்பது என் கருத்து. ஆனால் பித்தளையில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழமே உள்ள புள்ளிக்கு இது சரிப்படாது.

இரண்டாவது, கையில் பிடித்து உருட்டும் ஹேண்ட் ஸ்கேனர். உள்ளே நீளமாக ஒரு வரிசை சென்சார், அதன்மேல் பொடிப்பொடியான கம்பி லென்ஸ்கள், பக்கத்தில் ஒரு எல்.இ.டி. பட்டை. கண்ணாடியைத் தொட்டு இருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும், கொஞ்சம் விலகினாலும் மங்கிவிடும். பட்டை நேரானது, வளையாது. ஆகவே ஒரு திசை வளைவுக்கு மட்டும்தான் இது. பட்டையைப் பொருளின் நீளவாக்கில் வைத்து வளைவின்மேல் உருட்ட வேண்டும். மாற்றி வைத்தால் நடுவில் ஒரு கீற்றுதான் தெளியும். சிறிய பொருளாக இருந்தால் ஸ்கேனரை அசையாமல் வைத்துவிட்டு, அதன் உருளையைத் தொட்டபடி பொருளைச் சுழற்றுங்கள். உலவைச் சுழற்றும்போது பருத்த முனை வேகமாகவும் மெலிந்த முனை மெதுவாகவும் நகரும். படத்தில் மெலிந்த பக்கம் இழுபட்டுத் தெரிவதற்கு அதுதான் காரணம், கணினியில் விசிறி வடிவில் விரித்துச் சரிசெய்யலாம்.

பல ஸ்கேனர்களில் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது. ஆவணத்துக்கு அது ஒரு குறை, நமக்கு அது ஒரு வசதி. பள்ளத்தின் ஒரு கரையில் நிழல் விழும். ஸ்கேனரைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை ஓட்டினால் மறுகரையில் விழும். இரண்டையும் ஒப்பிட்டால் கறை எது, கீறல் எது என்று பிரித்துவிடலாம்.

மூன்றாவது ஜெல் மெத்தை. 2009-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மைக்கா ஜான்சனும் எட்வர்ட் ஏடல்சனும் அறிமுகம் செய்த முறை இது. தெளிவான, மெத்தென்ற ஜெல். அதன் வெளிப்பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பும் மெல்லிய தோல். பொருளின் மேல் அமுக்கினால் தோல் அதன் மேட்டுப் பள்ளத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பின்னாலிருந்து கேமரா அந்தத் தோலைத்தான் பார்க்கிறது. பொருள் பளபளத்தாலும் கறுத்திருந்தாலும் களிம்பேறியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. உருவம் மட்டும் வரும், நிறம் வராது. ஜெல் வளையவும் செய்யும் இழுபடவும் செய்யும் என்பதால் சொம்பு வேலைக்கு இதுதான்.

வளையும் சென்சார் தாளே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகாவோ சொமேயா குழு 2004-இல் பிளாஸ்டிக் படலத்தின் மேல் கரிம டிரான்சிஸ்டர்களையும் கரிம ஒளி டயோடுகளையும் அடுக்கி, லென்ஸும் நகரும் பாகமும் இல்லாத ஸ்கேனர் தாளைக் காட்டியது. 72-க்கு 72, மொத்தம் 5,184 புள்ளிகள். அங்குலத்துக்கு 36 புள்ளி, அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 0.7 மி.மீ. பாத்திரத்தில் வெட்டிய பெயருக்கு அது காணாது. 2020-இல் அதே பல்கலைக்கழகமும் ஜப்பான் டிஸ்ப்ளே நிறுவனமும் சேர்ந்து செய்தது அங்குலத்துக்கு 508 புள்ளி, கனம் 15 மைக்ரான். புள்ளி இடைவெளி 0.05 மி.மீ. கைரேகை, நாளம், நாடித்துடிப்பு எல்லாம் அதில் தெரிகிறது. அருமையான வேலைதான். ஆனால் படி 1-இல் பார்த்த தாளின் கதை இதற்கும் உண்டு. படலம் நன்றாக வளையும், அவ்வளவாக இழுபடாது. லென்ஸ் இல்லாததால் எங்கே ஒட்டாமல் தூக்கி நிற்கிறதோ அங்கே ஏறக்குறைய அந்த இடைவெளி அளவுக்கே படம் கலங்கிப்போகும்.

படி 4: ஜெல் கருவியைச் செய்யுங்கள்

தேவையானவை: 2 அங்குல பி.வி.சி. பைப் ஒரு சாண் துண்டு, 6 மி.மீ. கனத்தில் 4 செ.மீ. விட்டமுள்ள தெளிவான அக்ரிலிக் வட்டு, சிவப்பு, பச்சை, நீலத்தில் 3 மி.மீ. எல்.இ.டி.கள் நிறத்துக்கு நாலு, ரெசிஸ்டர்கள், பழைய யு.எஸ்.பி. வயர், இரண்டு பாகமாக வரும் பிளாட்டினம் வகை மென் சிலிக்கோன், வெள்ளி நிற மைக்கா பவுடர். பைப் நம் பக்கத்தில் போர் போடும் எந்த வயலோரத்திலும் துண்டாகக் கிடக்கும். சிலிக்கோனை மட்டும் ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருக்கும். வாங்கும்போது தெளிவாக உறைவதா என்று பாருங்கள், பால் நிறத்தில் உறையும் வகை வேண்டாம்.

பைப்பின் உட்புறத்துக்கு மங்கல் கறுப்பு அடியுங்கள், பளபளப்பு இருந்தால் படத்தில் பொய்ப் பிம்பம் விழும். வட்டின் விளிம்பை நீர்த்தாளால் (வாட்டர் பேப்பர்) தேய்த்துத் தெளிவாக்குங்கள். வட்டைச் சுற்றி 120 பாகை இடைவெளியில் மூன்று நிறங்களையும் விளிம்பைப் பார்த்தபடி வையுங்கள், இடையில் ஒரு துண்டு பட்டர் பேப்பர். வெளிச்சம் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் படர்ந்து போக வேண்டும், சின்ன மேடும் நீள நிழலாக வருவது அதனால்தான். 5 வோல்ட்டுக்குச் சிவப்பு ஒவ்வொன்றுக்கும் 220 ஓம், பச்சைக்கும் நீலத்துக்கும் 150 ஓம் சரியாக இருக்கும். பைப்பின் மறுமுனையில் போன் உட்காரும். உங்கள் போன் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறது என்று பார்த்துவிட்டு நீளத்தை வெட்டுங்கள்.

இனி ஜெல். நல்ல எடைக்கருவியில் இரண்டு பாகத்தையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி அளந்து, குமிழி அடிக்காமல் மெதுவாகக் கலக்குங்கள். லேடெக்ஸ் கையுறை போடக் கூடாது. அதிலும் சிலவகைக் களிமண்ணிலும் இருக்கும் கந்தகம் பட்டால் பிளாட்டினம் சிலிக்கோன் அந்த இடத்தில் உறையாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். நைட்ரைல் கையுறை போடுங்கள். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், டப்பாவில் போட்ட நேரத்தை நம்பாதீர்கள். காலையிலேயே ஊற்றிவிடுவது நல்லது. உயரத்திலிருந்து நூல்போல ஊற்றினால் பெரிய குமிழிகள் வழியிலேயே உடைந்துவிடும்.

அச்சுக்கு நான் சிபாரிசு செய்வது பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் வாட்ச் கிளாஸ். அதன் குழிவில் ஊற்றினால் ஜெல்லின் முகம் லேசாகக் குவிந்து வரும். தட்டையான முகத்தை அமுக்கும்போது நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். குவிந்த முகம் நடுவில் முதலில் தொட்டு, காற்றை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். கண்ணாடியில் சிலிக்கோன் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, சோப்புக் கரைசலைத் தடவிக் காயவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். கனம் நடுவில் 5 மி.மீ., அகலம் படி 2-இல் வந்த கணக்குப்படி. சொம்புக்கு 1.5, பெரிய அண்டாவுக்கு 3 செ.மீ.

உறைந்ததும் எடுத்து, சோப்பைக் கழுவிக் காயவைத்து, தட்டையான பக்கத்தைச் சொட்டுப் புதுச் சிலிக்கோன் தடவி அக்ரிலிக்கில் ஒட்டுங்கள். தோல் போடுவதுதான் பொறுமை கேட்கும் இடம். குவிந்த முகத்தில் மிக மெல்லிய சிலிக்கோன் பூச்சு ஒன்று பூசி, அது ஒட்டும் பதத்துக்கு வந்தவுடன் மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் மைக்கா பவுடரை ஒற்றுங்கள். இழுத்தால் கோடு விழும், ஒற்ற மட்டும் செய்யுங்கள். உள்ளிருந்து பார்க்கும்போது வெளியே இருக்கும் டியூப்லைட் தெரியாத அளவுக்கு மூடியதும், உதிரி பவுடரை ஊதிவிட்டு மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள், பவுடர் மூக்கில் ஏறும். கேட்டுக்கு அடிக்கும் சில்வர் பெயிண்ட் சிலிக்கோனில் நிற்காது, உரிந்துவிடும்.

படி 5: படமெடுங்கள்

போனில் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வந்து பின்னால் எதையும் ஒட்ட முடியாது. எதையும் தொடாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். மற்ற எல்லாப் படத்திலிருந்தும் அதைக் கழித்தால் விளக்கு சமமாக இல்லாத குறையும் தோலில் உள்ள கறையும் போய்விடும்.

பாத்திரத்தை வெந்நீரில் கழுவித் துடையுங்கள். புளி போட்டு மினுக்க வேண்டாம், மிச்சமிருக்கும் ஓரங்களையும் அது தின்றுவிடும். எழுத்து வரிக்குக் கீழே தையற்காரர் இஞ்ச் டேப்பை ஒட்டுங்கள். ஒவ்வொரு அமுக்கும் எந்த இடம் என்று அது சொல்லும். ஒரு படத்தில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வருகிற மாதிரி நகர்த்திக்கொண்டே போங்கள். பலமாக அமுக்கினால் ஆழம் கூடாது, ஜெல் பக்கவாட்டில் பிதுங்கி எழுத்தைத்தான் இழுக்கும்.

படி 6: படிக்கவும் அளக்கவும்

பெயரைப் படிக்க மட்டும் என்றால் கணினி வித்தை அதிகம் வேண்டாம். படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள், மூன்று திசையிலிருந்து வெளிச்சம் அடித்த மூன்று படங்கள் கிடைக்கும். ஏன் மூன்று? ஒரு திசை வெளிச்சம் தனக்கு இணையாக ஓடும் கோட்டைக் காட்டாது. இடமிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் 'ப'-வின் அடிக்கோடு மறைந்து இரண்டு செங்குத்துக் கோடுகள் மட்டும் நிற்கும், 'ட' ஒற்றைக் கோடாகிவிடும். இன்னொரு நிறத்தில் பார்த்தால் அடிக்கோடு திரும்ப வரும். புள்ளிகளால் வெட்டிய பெயரில் மெய்யெழுத்தின் புள்ளி எது, கோட்டின் புள்ளி எது என்ற குழப்பமும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் தீரும்.

ஆழமும் வேண்டும் என்றால் சைக்கிள் கடையில் பால்ரஸ் வாங்குங்கள். முன்சக்கரத்துக்குப் போடும் 3/16 அங்குலக் குண்டு, 4.76 மி.மீ. விட்டம். அதை ஜெல்லில் மெதுவாக அமுக்கிப் படமெடுத்தால், உருண்டையின் ஒவ்வொரு இடத்திலும் சரிவு எவ்வளவு என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. எந்தச் சரிவுக்கு எந்த நிறக்கலவை வருகிறது என்று பைத்தானில் ஓர் அட்டவணை போட்டுவிடலாம். அதன்பின் எந்தப் படத்தின் நிறத்தையும் சரிவாக மாற்றி, சரிவுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் உயரம் வந்துவிடும்.

வரும் உயரப் படத்தில் முதலில் சொம்பின் வயிறுதான் பெரிதாகத் தெரியும், எழுத்து தெரியாது. அரை மில்லிமீட்டர் புடைப்புக்கு முன்னால் பத்தில் ஒரு பங்கு பள்ளம் எங்கே தெரியப்போகிறது! அதே படத்தை நன்றாகக் கலங்கடித்த ஒரு நகல் எடுத்து, அசலிலிருந்து கழியுங்கள். வயிறு போய் எழுத்து நிற்கும். படங்களை ஒன்றோடொன்று ஒட்டும்போது எழுத்து வரி ஓடும் திசையில் மட்டும் ஒட்டுங்கள். இரு திசை வளைவில் மேலும் கீழும் சேர்த்து ஒட்ட முயன்றால் ஓரங்கள் பொருந்தவே பொருந்தாது. அதுவும் காஸ் சொன்ன விஷயம்தான்.

கோயில் கல்லுக்குப் போகும் முன்

டெல்டாக் கோயில்களின் அதிட்டானத்தில், அதாவது சுவருக்கு அடியில் இருக்கும் பீடத்தில், வட்டக் குமுதம் என்ற உருண்டை வரி முழுக்கக் கல்வெட்டு ஓடும் இடங்கள் உண்டு. கிடையாக நேர், மேலும் கீழும் மட்டும் வளைவு. ஆரம் 20 செ.மீ., ஸ்கேனரின் உருளைகளுக்கு இடையே 2 செ.மீ. என்று வைத்தால், படி 2-இன் கணக்கில் 0.25 மி.மீ.தான் வருகிறது. கணக்குப்படி பட்டையைக் கிடையாக வைத்து மேலிருந்து கீழே உருட்டலாம். நடைமுறையில் கல்லின் சொரசொரப்பு கண்ணாடியைக் கீறும், பொரிந்த கல்லாக இருந்தால் ஸ்கேனர் கல்லையே உதிர்க்கும்.

ஜெல்லையும் அங்கே யோசித்துத்தான் வைக்க வேண்டும். சிலிக்கோனிலிருந்து கசியும் எண்ணெய் நுண்துளைக் கல்லில் இறங்கிக் கறையாக நிற்கலாம். சுதை, வண்ணப்பூச்சு, ஓலைச்சுவடி, பூஜையில் இருக்கும் செப்புத் திருமேனி எதன்மேலும் வைக்கவே கூடாது. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்றவை 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, அவர்கள் அனுமதி வேண்டும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் கல்லுக்கு முதலில் தொடாத முறை: இருட்டிய பிறகு பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பல கோணங்களில் படம். அது போதாத வரிகளுக்கு மைப்படி, அதுவும் அந்தக் கை பழகியவர்களை வைத்து.

ஜெல்லைப் பேணுவது

வேலை முடிந்ததும் செல்லோ டேப்பை மெதுவாக ஒற்றி எடுத்தால் தூசி வந்துவிடும். துணியால் துடைத்தால் தோல் கீறும். ஒரு மணல் துகள் குத்திய துளை எல்லாப் படத்திலும் ஒரு நட்சத்திரமாக வரும். சின்னதாக இருந்தால் தொடாத படத்தைப் புதிதாக எடுத்துக் கழித்துக்கொள்ளலாம், பெரிதானால் தோலை மட்டும் புதிதாகப் பூசுங்கள், ஜெல்லை மாற்ற வேண்டியதில்லை. எவர்சில்வர் டப்பாவில், முகம் எதிலும் படாமல் தொங்குகிற மாதிரி வையுங்கள். ஒவ்வொரு முறை தோல் பூசிய பிறகும் பால்ரஸ் அட்டவணையை மறுபடி போட வேண்டும், பழையது செல்லாது.